சங்கு மெல்லப் பேசிய காலம்

அவளுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது மட்டும் அந்தப் பெயர் கொஞ்சம் மூச்சு விடும். மற்ற நேரமெல்லாம் அவள் சங்குதான்.

காரணம் அவள் பிறந்த விதம். சந்தின் கோடியில் இருந்த ட்ரம் பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதுவார்கள். ஒரு நாள் வேலை தொடங்கிச் சூடு பிடிப்பதற்குள்ளேயே சங்கு ஊதிவிட்டது. ஆட்கள் சுத்தியலைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்கள். பட்டறைக்காரர் கொதித்துப்போய் வெளியே வந்தார்.

“எவன்டா இந்நேரத்துல சங்கு ஊதினது?”

“யாரும் ஊதல முதலாளி,” என்று எதிர்வீட்டுத் தையல்காரி கதவருகில் நின்று சொன்னாள். “பொறந்திருக்கு.”

கை கழுவிக்கொண்டிருந்தவர்களில் குழந்தையின் அப்பாவும் ஒருவர். ஈரக் கையோடு வீட்டுக்கு ஓடினார்.

அந்தப் பட்டறைக்கு ஊரெல்லாம் அடிபட்டு நெளிந்த எண்ணெய் ட்ரம்கள் வந்து சேரும். அவற்றை அடித்து நிமிர்த்தி, நீலச் சாயம் பூசி, புதுசு மாதிரி ஆக்கி அனுப்புவார்கள். அடிக்கிற அடி விடிந்ததும் தொடங்கினால் பொழுது சாய்கிறவரை ஓயாது. பட்டறையின் வாசலிலிருந்து சந்து முழுக்க, இரண்டு பக்கமும் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடுகள். எதிர்வீட்டு அடுப்பில் பால் பொங்கினால் இந்த வீட்டிலிருந்து கையை நீட்டி இறக்கி வைத்துவிடலாம். அவ்வளவு நெருக்கம். ஆனால் பொங்குகிறது என்று சொல்வதற்குக் கத்த வேண்டும்.

ஆகவே எல்லோரும் கத்தினார்கள். கோபத்துக்குக் கத்தினார்கள், கொஞ்சலுக்கும் கத்தினார்கள். ரகசியம் என்றால் அந்தச் சந்தில் ஒருத்தர் காதில் மட்டும் கத்துவது என்று அர்த்தம். தையல்காரி தனக்குக் குழந்தை உண்டாகியிருக்கிறது என்ற சேதியை வெட்கப்பட்டுக்கொண்டே புருஷனிடம் சொன்னபோது, அவன் “என்ன?” என்று கேட்டு முடிப்பதற்குள் பத்து வீட்டிலிருந்து வாழ்த்து வந்துவிட்டது. பட்டறைக்கு லீவு விட்டால்தான் தொல்லை. சத்தம் நின்றதும் தூளியில் கிடக்கிற பிள்ளைகளெல்லாம் விழித்துக்கொண்டு அழும். அம்மாக்கள் கரண்டியால் தட்டைத் தட்டித் தூங்க வைப்பார்கள்.

சங்கு அங்கே வளர்ந்தாள். கதவு என்ற ஒன்றைச் சாத்தலாம் என்பதே அவளுக்கு நெடுநாள் தெரியாது. ஒருத்தரைக் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிறவர் பதில் சொல்வார் என்பதுதான் அவள் அறிந்த மரியாதை. தண்ணீர் லாரி இன்ன நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் குடம் உருளும், தலைமுடி பறக்கும். ஒரு நாள் தையல்காரியும் அம்மாவும் ஒரே குடத்தை இரண்டு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூட உடுப்போடு வந்த சங்கு லாரியின் ஏணியில் ஏறி, தொட்டியின் மேல் உட்கார்ந்து, “வரிசையில நில்லுங்க” என்றாள். நின்றார்கள். ஏன் நின்றோம் என்று பிறகுதான் யோசித்தார்கள். அன்றிலிருந்து லாரி வந்தால் மேலே ஏறி உட்கார்வது அவள் உத்தியோகம் ஆகிவிட்டது.

சந்துக்கு வெளியேதான் அந்தக் குரலுக்கு மதிப்பில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைக் கேள்வியே கேட்க மாட்டார். “நீ பதில் சொன்னா அடுத்த வகுப்புப் பிள்ளைங்களும் எழுதிடுதும்மா,” என்பார். பிள்ளைகள் சிரிக்கும். வீடு எங்கே என்று யாராவது கேட்டால், அந்தச் சந்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடமாக ஒரு பதில் இருந்தது: பூங்காவுக்குப் பின்பக்கம். பூங்கா என்று ஒன்று இருந்தது வாஸ்தவம். பின்பக்கம் என்பதை எவ்வளவு தூரத்துக்கு நீட்டலாம் என்பதில்தான் அவர்கள் சாமர்த்தியம்.

படிப்பு முடிந்ததும் அவளுக்கு வேலை கிடைத்த இடம் காது மிஷின் விற்கிற கடை. முதலாளி அவள் “வணக்கம் சார்” என்றதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“காது கேக்காதவங்க வர்ற கடை இது. உன்ன மாதிரி ஒருத்தியத்தான் இவ்வளவு நாளா தேடிட்டிருந்தேன்,” என்றார்.

அந்தச் சந்தோஷம் வெகு சீக்கிரம் தீர்ந்துபோனது. முதலில் வந்தவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர். சங்கு அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எந்தக் காது, எவ்வளவு நாளாக என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தாள். பெரியவர் எல்லாவற்றுக்கும் கணீரென்று பதில் சொன்னார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“நல்லாத்தானேடா கேக்குது? நீங்கதான் வீட்டுல முணுமுணுன்னு பேசுறீங்க. எந்திரி, போலாம்.”

போய்விட்டார். அடுத்து வந்த அம்மாள் கண் கலங்கி, சங்குவின் கையைப் பிடித்து, “உன் வாய்ல என்ன மருந்துடி வச்சிருக்கே” என்று கேட்டுவிட்டு, அவளும் போய்விட்டாள். முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார்.

“இங்க பாரும்மா. நீ மிஷினை விக்க வந்தியா, மிஷினுக்குப் போட்டியா வந்தியா?”

“சார், நான் சாதாரணமாத்தான் பேசுறேன்.”

“அதான் பிரச்சினை. இனிமே சாதாரணமா பேசாதே.”

அவளுக்கு அந்த வேலை வேண்டும். மின்விசிறி சுற்றுகிற அறை, கண்ணாடிக் கதவு, சுத்தமான நாற்காலி. சந்தில் யாரும் பார்க்காத வேலை. எனவே மெல்லப் பேசப் பழகினாள். பஸ்ஸில் போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு பழகினாள். வீட்டில் பழகிப் பார்க்கலாம் என்று அம்மாவிடம் மெல்லிய குரலில் டீ கேட்டாள். அம்மா பதறிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “ஏங்க, புள்ளைக்குக் குரல் அடைச்சுப்போச்சுங்க,” என்று சந்துக்கே அறிவித்தாள். ஆளுக்கொரு கஷாயம் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் குடித்த பிறகுதான் அவளை விட்டார்கள்.

ஆனாலும் மெல்லிய குரல் வந்துவிட்டது. வந்த குரல் தனியாக வரவில்லை, கூடவே ஒரு புது ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தது. மெல்லப் பேசத் தெரிந்ததும் மெல்ல நடக்க வந்தது. வாயை மூடிக்கொண்டு சிரிக்க வந்தது. யாராவது பேசினால் முழுதாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து “அப்படிங்களா?” என்று சொல்ல வந்தது. கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துச் சங்கு அசந்துபோனாள். யாரோ ஒரு நல்ல வீட்டுப் பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்துக்குள் கால் வைத்ததும் அந்தப் பெண் எங்கேயோ போய்விடுவாள். சங்கு திரும்பி வருவாள்.

அந்தக் கடையில் காதுக்கு அச்சு எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு காதின் துவாரமும் ஒவ்வொரு வடிவம். மெழுகு மாதிரி ஒரு மாவைக் காதுக்குள் வைத்து, அது இறுகியதும் எடுத்து, அதற்கேற்றபடி மிஷின் உட்காரும் அச்சைச் செய்வார். கடையில் அவரை அச்சு என்றே கூப்பிட்டார்கள். தொழிலுக்குப் பொருத்தமாக அமைதியான மனிதர். மூன்றாவது மாடி வீட்டில் வளர்ந்தவர். அவருடைய கீழ்வீட்டுக்காரர், மேலே ஒரு நாற்காலி நகர்ந்தாலும் தடியால் தன் கூரையைத் தட்டுவார். ஆகவே அச்சு சின்ன வயதிலிருந்தே நாற்காலியைத் தூக்கி வைத்துத்தான் உட்கார்வார். கடையிலும் அப்படித்தான்.

ஒரு மாலை, கடையில் யாரும் இல்லாத நேரம், அவர் கையிலிருந்த அச்சைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

“உங்க பேச்சைக் கேட்டா, காய்ச்சல்ல கிடக்குறப்ப நெத்தியில ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கு.”

சங்குவுக்கு உடம்பெல்லாம் குறுகுறுவென்றது. ஓடிப்போய்த் தெருமுனையில் நின்று ஒரு கூப்பாடு போட்டால் தேவலை போல இருந்தது. அடக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, “அப்படிங்களா?” என்றாள்.

“உங்க வீடு எங்க?”

“பூங்காவுக்குப் பின்பக்கம்,” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. “ரொம்ப அமைதியான தெரு.”

அது போதாதா. கொஞ்ச நாளில் அச்சு தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா பெண்ணின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். நாளும் குறித்தாகிவிட்டது. கடைக்கு லீவு நாள். பட்டறைக்கோ வேலை நாள்.

சங்கு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். சந்தே கூடிவிட்டது. அவள் பொய் சொன்னதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பூங்காவுக்குப் பின்பக்கத்தில் குடியிருப்பவர்கள்தானே எல்லோரும். அமைதியான தெரு என்றாளாம், அதற்கு என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

“இதுல என்ன இருக்கு?” என்றாள் தையல்காரி. “ஒரு மத்தியானம் வாயை மூடிட்டு இருந்தா செத்தா போயிடுவோம்?”

பட்டறைக்காரரும் மனசு வைத்தார். “அன்னிக்கு மத்தியானம் சுத்தியல் ஓடாது. உன் கல்யாணத்துக்கு என் பரிசு அதுதான். வேற எதுவும் எதிர்பாக்காதே,” என்றார்.

ஒத்திகை பார்த்தார்கள். “சத்தம் போடாதீங்க” என்று ஒவ்வொருத்தரும் மற்றவர்களைப் பார்த்துக் கத்தியதில், அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்து என்ன சண்டை என்று விசாரித்தார்கள்.

அப்பாவுக்கு எல்லாவற்றையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டும். புரிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, “நாம நாமளா இருந்தா ஆகாதா சங்கு?” என்றார். கேட்டது கத்தலாகத்தான், ஆனாலும் அவளுக்கு எங்கேயோ சுருக்கென்றது. “ஒரு மத்தியானம்தானேப்பா,” என்றாள். அவர் “என்ன?” என்றார். அவளுக்கு அதை இரண்டாவது தடவை சொல்ல வாய் வரவில்லை.

குறித்த நாளில் டாக்ஸியில் வந்து இறங்கினார்கள் அச்சுவும் அம்மாவும். சந்து சவம் மாதிரி கிடந்தது. வாசலுக்கு வாசல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்; உதட்டை இறுக மூடிக்கொண்டு, காது வரைக்கும் சிரித்தார்கள். எல்லோரும் கைகளை ஆட்டி வரவேற்றார்கள். அந்த அம்மாள் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“ஏன்டா, இந்தத் தெருவே உன் கடைக்கு வாடிக்கையா?”

வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள். சங்குவின் அம்மா டீயோடு வந்து, சர்க்கரை எவ்வளவு என்பதை விரலால் கேட்டாள். அச்சுவின் அம்மாவும் விரலாலேயே சொன்னார். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அமைதி தாங்காமல் விழித்து அழத் தொடங்கியது. அதைக் கேட்டு இன்னொன்று. தட்டைத் தட்டக்கூடாது என்று உத்தரவு. அம்மாக்கள் தட்டையும் கரண்டியையும் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் எப்படியோ இடுப்பில் வைத்து ஆட்டி அடக்கினார்கள். மறுபடியும் மயான அமைதி.

அப்பாவுக்கு மெல்லப் பேசச் சொல்லி நூறு தடவை சொல்லியிருந்தார்கள். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல என்று அவருக்கு எப்படித் தெரியும்? தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்தால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். விருந்தாளியின் எதிரே உட்கார்ந்து, கையை ஆட்டி, தலையை ஆட்டி, மகளைப் பற்றி ரொம்ப உருக்கமாகப் பேசினார். உதடு அசைந்தது. சத்தம் ஒரு துளி வெளியே வரவில்லை.

அச்சுவின் அம்மா முன்னால் குனிந்தார். இன்னும் குனிந்தார். காதைக் கையால் தட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

“டேய்,” என்றார், நடுங்குகிற குரலில். “எனக்குக் காது போயிடுச்சுடா.”

அச்சு தொழில் தெரிந்தவர். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, அங்கேயே அம்மாவின் காதுக்குள் அடித்துப் பார்க்க ஆரம்பித்தார். சங்கு சுவரில் சாய்ந்து நின்று சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீர் லாரி வந்தது.

ஹாரன் அடித்தான் டிரைவர். வழக்கமாக ஹாரன் அடிக்கும் முன்பே குடங்கள் வந்து மோதும். அன்றைக்கு ஒரு ஆள் அசையவில்லை. சந்து முழுக்கச் சங்குவின் வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குடங்கள் வாசலில் காலியாகக் கிடந்தன. தையல்காரி தன் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். டிரைவர் எட்டிப் பார்த்தான். இவர்களுக்கு என்ன வந்தது, தண்ணீர் வேண்டாம் போல என்று நினைத்து, வண்டியைப் பின்னால் எடுத்தான்.

சங்கு வாசலுக்கு வந்தாள். லாரியின் பின்சக்கரம் உருளுவதைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் ஒன்றும் யோசிக்கவில்லை.

“லாரியை நிறுத்து.”

லாரி நின்றது. பெரிய தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு கார்களும் ஒரு பஸ்ஸும்கூட நின்றன. தகரக் கூரைகள் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தன. சங்கு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, தொட்டியின் மேல் உட்கார்ந்தாள். சந்துக்கு உயிர் வந்தது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்த சத்தமெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. குடம் உருண்டது, குழாய் சீறியது, குழந்தைகள் ஆனந்தமாகத் தூங்கிப்போயின.

வீட்டுக்குள்ளிருந்து அச்சுவின் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். சங்கு மேலேயிருந்து அதைப் பார்த்தாள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள். ஆனால் அந்த அம்மாள் கையை எடுத்தார், பொத்தினார், மறுபடி எடுத்தார். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

“கேக்குதுடா,” என்றார். “நல்லா கேக்குது. காது போகல.”

சந்தோஷத்தில் பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்தார். அது தையல்காரி. அவள் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. கட்டிப்பிடித்த கையில் ஒரு குடத்தைத் திணித்து, “வரிசையில நில்லுங்கம்மா, எனக்கு இன்னொரு கை வேணும்,” என்றாள். அச்சுவின் அம்மா பட்டுச் சேலையோடு வரிசையில் நின்றார். அவர் முறை வருகிற நேரத்தில் ஒரு தடியன் குடத்தோடு குறுக்கே புகுந்தான்.

“தம்பி, நான் முன்னாடி நிக்கிறேன்,” என்றார் அவர், மூன்றாவது மாடிக் குரலில். யாருக்கும் கேட்கவில்லை.

“அத்தை, அது கேக்காது,” என்றாள் சங்கு மேலேயிருந்து. அத்தை என்று தன்னையறியாமல் வந்துவிட்டது. “தொண்டையில பேசாதீங்க. வயித்துலேருந்து எடுங்க.”

அத்தை கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். “ஏய், வரிசையில வாடா,” என்று ஒரு சத்தம் வந்தது. சந்து ஒரு கணம் நின்றுவிட்டது. தடியன் குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போனான். கத்தியது யார் என்று அத்தையே திரும்பிப் பார்த்தார்.

எல்லோரும் பிடித்து முடித்த பிறகு அச்சு குழாயைக் கையில் பிடித்தபடி நனைந்துபோய் நின்றார். யார் கொடுத்தார்கள், ஏன் பிடித்தார் என்று அவருக்குத் தெரியாது. சங்கு இறங்கி வந்தாள்.

“பூங்கா எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“நேரா போயி, ரெண்டு பஸ் மாறணும்.”

“அமைதியான தெருன்னு சொன்னீங்க.”

“லாரி வர்ற வரைக்கும் அமைதியாத்தானே இருந்துச்சு.”

அவர் குழாயைக் கீழே வைத்தார். “கடையில பேசுறது யாரு அப்ப?”

“அதுவும் நான்தான்.”

“இதுல எது உங்க குரல்?”

சங்கு அதை இதற்கு முன் யோசித்ததில்லை. பின்னால் அவள் அப்பா, இனிமேல் மெல்லப் பேச வேண்டியதில்லை என்ற நிம்மதியில், விட்ட இடத்திலிருந்து மகளின் பெருமையைச் சந்து அதிரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தெரியலங்க,” என்றாள். “ஒண்ணு நான் கத்துக்கிட்டது. இன்னொண்ணு நான் பொறந்த இடம். ரெண்டையும் விட்டுட்டு வர்ற மாதிரி இருந்தா நான் வரல.”

“ரெண்டோடயும் வாங்க,” என்றார் அச்சு. “ஆனா கீழ்வீட்டுக்காரர்கிட்ட நீங்கதான் பேசணும்.”

கல்யாணம் ஆகி மூன்றாவது மாடிக்குப் போனாள். அந்த வீட்டில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும். அவளால் அதை நம்ப முடியவில்லை. காலியாக ஒரு பாத்திரத்தைப் பார்த்தால் கை துடிக்கும். வாளி, குடம், அண்டா, கெட்டில், பூச்சாடி, அச்சு முகச்சவரம் செய்கிற குவளை என எல்லாவற்றிலும் பிடித்து வைத்தாள். டீ போட ஒரு பாத்திரம் வேண்டுமென்றால் முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வாரம் ஒரு முறை பஸ் ஏறிச் சந்துக்குப் போய், லாரி வந்தாலும் வராவிட்டாலும், யாரையாவது இரண்டு சத்தம் போட்டுவிட்டு, முகம் தெளிந்து திரும்பி வருவார்.

பகல் தூக்கம்தான் சங்குவுக்கு வரவில்லை. அந்த அமைதி அவளைப் பிடித்து உலுக்கியது. ஒரு லீவு நாள் மத்தியானம் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, தாங்காமல் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தாள். கீழ்வீட்டுக்காரருக்கு அது இடி விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். தடியை எடுத்துக் கூரையில் தட்டினார். டொக், டொக், டொக். அச்சு பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்து, ஒரு பிள்ளை மாதிரி, தூங்கிப்போயிருந்தாள்.

தட்டுவது நின்றதும் விழித்துக்கொண்டாள். நேரே கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தாள். கீழ்வீட்டுக்காரர் தடியும் கையுமாக நின்றார்.

“ஐயா, நீங்கதான் தட்டினீங்களா?”

“ஆமா. ஏன், நான்—”

“ரொம்ப நல்லா தட்டினீங்க. பாதியில நிறுத்திட்டீங்களே. கொஞ்சம் நிதானமா, ஒரே சீரா தட்டினீங்கன்னா நான் சாயங்காலம் வரைக்கும் தூங்கிடுவேன்.”

அவர் இவ்வளவு காலமாகத் தட்டிக்கொண்டிருந்ததில் முதல் தடவையாக ஒருத்தி வந்து நன்றி சொல்கிறாள். தடியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “சாயந்திரம் வரைக்கும் முடியாதும்மா,” என்றார் கடைசியில். “கை வலிக்கும்.” அதற்குப் பிறகு அவர் தட்டுவதையே விட்டுவிட்டார். சங்குவுக்கு அது ஒரு குறை.

கடைக்குப் புதிதாகக் காது பரிசோதிக்கிற மிஷின் ஒன்று வந்தது. ஓட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமென்று அச்சு மனைவியைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவள் விளையாட்டாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அச்சு திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோடு நேராக வந்து, கடைசியில் ஓரிடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது.

“அந்த இடத்துல உனக்குக் காது மந்தம். இது சத்தத்துல வேலை செய்றவங்களுக்கு வர்றது,” என்றார். “நீ பட்டறையில வேலை பாத்திருக்கியா?”

“இல்லீங்க. பட்டறை பக்கத்துல தூங்கினேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டிய அப்பா. “என்ன?” என்று கேட்ட தையல்காரியின் புருஷன். கத்துகிற சந்து. சத்தத்துக்கு மேலே பேசுவதற்காகக் கத்துகிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பட்டறை ஓடாத நாளிலும் ஏன் கத்தினோம் என்று யாரும் யோசித்ததில்லை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அச்சு பக்கத்தில் வந்து நாற்காலியைத் தூக்கி வைத்து உட்கார்ந்தார்.

“எல்லாரையும் கூட்டிட்டு வா,” என்றார்.

“அவங்க வர மாட்டாங்க. நாம போவோம்.”

முதலாளியிடம் கேட்டாள். ஒரு சந்து முழுக்க வாடிக்கையாளர்கள் என்றதும் அவருக்கு இனித்தது; வீட்டுக்கு வீடு பண வசதி எப்படி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் கசந்தது. ஆனாலும் பழைய மிஷின்களைச் சரி பார்த்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார். சங்கு அதற்கு முன் நேராகப் பட்டறைக்குப் போனாள். சுத்தியல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, ஆட்களுக்குக் காது மூடி வாங்கிக் கொடுக்காவிட்டால் தினமும் இதே இடத்தில் நின்று இதே குரலில் கேட்பேன் என்றாள். அவர் அந்தக் குரலை அவள் பிறந்த அன்றிலிருந்து அறிந்தவர். அந்த வாரமே வாங்கிவிட்டார்.

அச்சு சந்தின் நடுவில் மேஜை போட்டு ஒவ்வொரு காதாக அச்சு எடுத்தார். மாவு இறுகுகிற வரை பேசக்கூடாது என்றதுதான் பலருக்கும் பெரிய சிகிச்சையாக இருந்தது.

அப்பாவுக்கு மிஷின் பொருத்திய நாளில் வீட்டில் இடமில்லாமல் கூட்டம். அச்சு சின்னச் சக்கரத்தைத் திருகினார். அப்பா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தன் சட்டை உரசுவதைக் கேட்டு யாரோ பின்னால் இருப்பதாகத் திரும்பிப் பார்த்தார். சங்கு அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு தடவைதான் சொன்னாள், கடையில் பேசுகிற குரலில்.

“அப்பா, கேக்குதா?”

அவர் அவள் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டார். “இதுவும் நல்லாத்தான் இருக்கு சங்கு,” என்றார். கத்தவில்லை. அந்த வீட்டில் யாரும் அவர் கத்தாமல் பேசிக் கேட்டதில்லை. தையல்காரி மூக்கை உறிஞ்சினாள்.

பின்னால் அடுப்படியில் அம்மா டீத் தம்ளர்களை அடுக்கிக்கொண்டே, வழக்கம்போலத் தனக்குள் முனகிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்குப் பின்னால் நின்று தைரியமாகச் செய்துவந்த காரியம் அது. அப்பா மெதுவாகத் திரும்பினார்.

“யாரு எருமை மாடு?”

அம்மா கையிலிருந்த தம்ளரோடு உறைந்துபோனாள்.

“இவ்வளவு காலமா இதையாடி சொல்லிட்டிருந்தே?”

“இல்லீங்க... அது... மாட்டைச் சொன்னேன்.”

“எந்த மாடு? நம்மகிட்ட ஏது மாடு?”

அப்பாவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார், காதிலிருந்து மிஷின் கழன்று மடியில் விழும் வரை சிரித்தார். சங்கு வாயை மூடாமல் சிரித்தாள். அச்சு குனிந்து மிஷினை எடுத்து மறுபடி பொருத்தப் போனார். அம்மா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளை, அது அங்கேயே இருக்கட்டும். கொஞ்சம் பொறுங்க,” என்று கெஞ்சிவிட்டு, தம்ளரைக் கீழே வைத்து, பாக்கி இருந்ததையெல்லாம் முனகி முடிப்பதற்காகத் தையல்காரியின் வீட்டுக்குப் போனாள்.